பின் கண்ணாடி

ஜூன் 9, ஞாயிறு

இன்று என் மகள் மிதுனாவைப் பார்த்தேன். நகராட்சிப் பூங்காவில், நான்கு மணி முதல் ஆறு மணி வரை. மாதத்தில் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது. கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று தங்கவேல் மாமா சொன்னார். அவர் மிதுனாவின் அப்பா லோகநாதனுக்குத் தாய்மாமன். எனக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

லோகநாதன் காரைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு பேசமாட்டார். நானும் வலியப் போய்ப் பேசுவதில்லை. மிதுனா ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மேல் முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. விழுந்த பல்லை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அப்பா கூரை மேல வீசச் சொன்னாங்க. நம்ம வீட்டுக்குத்தான் கூரையே இல்லியே. ஏசி பெட்டி மேல வீசிட்டேன்."

நம்ம வீடு என்றாள். நான் திருத்தவில்லை.

ஆறு மணிக்குக் கார் கிளம்பும். மிதுனா பின் சீட்டில் முழங்காலிட்டு, பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கை ஆட்டுவாள். பெட்ரோல் பங்க் தாண்டிக் கார் திரும்பும்வரை முகம் தெரியும். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்த இருபதுதான்.

பஸ்ஸில் அறைக்கு வந்தேன். ஸ்கூட்டியை விற்றதிலிருந்து பஸ்தான். வசதியாகவே இருக்கிறது. நாய் குறுக்கே வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஜூன் 12, புதன்

காஸ் தீர்ந்தது. ஒருத்திக்குச் சமைக்கிற சிலிண்டர் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்கிறதோ தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மா ரசம் கொடுத்தார். "தனியா இருக்கறது உனக்குப் பழகிருச்சா கண்ணு?" என்று கேட்டார். ரசத்தில் புளி அதிகம்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று கடைக்கு அந்தக் கார் வந்தது.

நான் வேலை பார்ப்பது கார் சீட் கவர் கடையில். கோவை ரோட்டில் இருக்கிறது. மாடியில் நான் தைப்பேன், கீழே ஜாகீர் மாட்டுவான். முன்பு ஏற்றுமதிக் கம்பெனியில் தலையணை உறை தைத்தேன். இங்கே சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ரெக்சின் கையை அறுக்கும், ஆனால் யாரும் ஊர்க்கதை பேசமாட்டார்கள்.

முதலாளி செல்லமுத்து அண்ணன் மாடிப்படியில் நின்று கத்தினார். "மணீ, வெள்ளைக் கார் ஒண்ணு நிக்குது. பழுப்புக் கலர், ஓரத்துல கறுப்பு பைப்பிங். சாயந்திரமே வேணுமாம். ஜாகீர் இன்னிக்கி லீவு. நீயே மாட்டிரு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நம்பரைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லோகநாதன் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். நான் இங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பார்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் காருக்குள் உட்கார்ந்தேன். பின் சீட்டின் இடுக்கில் முறுக்குத் தூள், ஒரு பென்சில் மூடி, மஞ்சள் கோடு போட்ட ஒற்றைச் சாக்ஸ். சாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பின் சீட்டுக்கு மட்டும் உள்ளே இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்ச் வைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை. சீட் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிள் இரண்டும் சீட்டுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கிள் வெளியே வருவதற்குக் கவரில் வாய் வைத்துத் தைக்க வேண்டும். எங்கள் கடையில் அது கிடையாது. வாய் வைத்தால் கவர் சுருங்கும், பக்கிள் குத்துகிறது என்று வாடிக்கையாளரும் சொல்வார்கள். அதனால் உள்ளே தள்ளி மூடிவிடுவது வழக்கம். பின்னால் உட்காருகிறவர்கள் யார் பெல்ட் போடுகிறார்கள்? மற்ற காரில் சும்மா தள்ளி மூடுவேன். இதில் இரட்டை நூல் போட்டுத் தைத்தேன். அவள் தொடையில் எதுவும் குத்தக்கூடாது.

மாட்டி முடித்ததும் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. இந்த நான்கு மாதத்தில் நான் செய்த மிக நல்ல வேலை இதுதான்.

அவர் சாவி வாங்க வந்தபோது மாடியிலேயே இருந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

"அம்மா, எங்க கார்ல சீட்டு மெத்துமெத்துன்னு இருக்குது. குதிச்சாக் கூட வலிக்கல" என்றாள் மிதுனா.

"அப்படியா கண்ணு" என்றேன். முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பஞ்சுமிட்டாய்க்காரரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

போகும்போது புதுச் சீட்டின் மேல் முழங்காலிட்டுக் கை ஆட்டினாள். ஸ்பாஞ்ச் அதிகம் வைத்ததால் இன்று கழுத்துவரைக்கும் தெரிந்தாள்.

ஜூலை 3, புதன்

மதியம் ஒரு வாத்தியார் கார் கொண்டுவந்தார். ஒர்க் ஷாப்பிலிருந்து நேராக வருகிறது. முன்பக்கம் புதுப் பெயிண்ட். பின் சீட் கவரை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். கறை போகவில்லையாம்.

முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவர் பிரேக் போட்டும் போய் இடித்துவிட்டார். இவருக்கும் மனைவிக்கும் கீறல்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து வந்து முன்னால் மோதியிருக்கிறாள். எட்டு வயது. தாடை உடைந்து, கம்பி போட்டு, இப்போது குழாயில் கஞ்சி குடிக்கிறாள்.

"ஏன் பெல்ட் போடலைன்னு டாக்டர் திட்டினாருங்க" என்றார் வாத்தியார். சத்தமே இல்லாமல் பேசினார். "போடறதுக்கு எடம் எங்கீங்க இருக்குது? பட்டை தொங்குது. மாட்டறதுக்குப் பக்கிளே இல்ல. எங்க கார்ல பின்னாடி அது வராதுன்னே நெனச்சுட்டேன்."

ஜாகீர் கவரை உரித்தான். அடியில் இரண்டு பக்கிளும் இருந்தன. தூசிகூடப் படாமல் புதிதாக இருந்தன. கவரின் ஓரத்தில் எங்கள் கடைத் துணிச்சீட்டு. மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ தைத்தது.

வாத்தியார் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். மிதுனா பின் சீட்டில் முழங்காலிட்டு எனக்குக் கை ஆட்டுவது மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது. அப்போது லோகநாதன் ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும்?

ஜூலை 4, வியாழன்

முதலாளியிடம் பேசினேன். அந்த வெள்ளைக் கார் யாருடையது என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன். மாட்டிய கார்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் பக்கிளை வெளியே எடுத்துக் கொடுக்கலாமா என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? குத்துதுங்கறாங்க, உள்ள தள்றோம். நாம பண்ணுனது தப்புன்னு நாமளே போன் போட்டுச் சொல்றதா?"

"அந்தப் புள்ளைக்குத் தாடை ஒடைஞ்சிருக்குதுங்ணா."

"அதுக்கு லாரிக்காரனக் கேளு."

ஜூலை 6, சனி

வேறு வழி தெரியாமல் ஜாகீரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் எதுவும் கேட்காமல் கடை போனை எடுத்து லோகநாதனைக் கூப்பிட்டான். "சார், கவரை ஒருக்கா இழுத்து மாட்டித் தரோம், ப்ரீதான், கொண்டு வாங்க" என்றான்.

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "கவர் நல்லாத்தானே இருக்குது. பதினஞ்சாந் தேதி திங்கக்கெழம கொல்லிமலைக்குப் போறோம், போயிட்டு வந்து பாக்கலாம்."

குலதெய்வம் கோயில் கொல்லிமலையில் இருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் அவருடைய அக்கா பேத்திக்குக் காது குத்து. போக எழுபது வளைவு, வர எழுபது வளைவு. காரில் நான் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்போம்.

"நேராச் சொல்லிருங்க அக்கா" என்றான் ஜாகீர்.

அவனுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டான். உன் காரில் பிள்ளைக்கு ஆபத்து வைத்தது நான்தான் என்று லோகநாதனிடம் போய்ச் சொன்னால் அப்புறம் எனக்கு ஞாயிறு ஏது? பிள்ளையை என்னிடமிருந்து பிரித்ததே ஒரு வண்டி விஷயத்துக்காகத்தான்.

ஜூலை 9, செவ்வாய்

சாப்பிடவில்லை. பசிக்கவுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

பிளேடு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடுவில் ஒரு தடவை அவர் காரை விட்டு இறங்கி டீ குடிக்கப் போவார். ஐந்து நிமிடம் போதும். தையலைப் பிரித்து இரண்டு பக்கிளையும் வெளியே இழுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஞாயிறும் மிஞ்சும்.

இதை எழுதும்போது பெரிய கெட்டிக்காரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பக்கிள் வெளியே வந்தால் மட்டும் யார் போட்டுவிடப் போகிறார்கள்?

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் ஒன்பது மாதமாக இதில்கூட நான் ஒன்றை எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். நாய் வரவில்லை.

மிதுனாவை ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டினேன். போன் நழுவியது. பிடிக்கப் போனேன். அவ்வளவுதான். அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாய் குறுக்கே வந்தது என்றேன். கறுப்பு நாய் என்றுகூடச் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

நான்கரை மணிக்கு அவர் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். மிதுனா தண்ணீர் பாட்டில் எடுத்த கதவு திறந்தே கிடந்தது.

"கண்ணு, சறுக்குல பத்துத் தடவை சறுக்கு. எண்ணிட்டே சறுக்கணும்" என்று அவளை அனுப்பிவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன்.

என் தையலை நானே பிரிக்கத் திணறினேன். இரட்டை நூல் அல்லவா? மிதுனா உட்காரும் பக்கம், டிரைவருக்குப் பின்னால், வாய் கிழித்துக் கையை விட்டு இழுத்தேன். பக்கிள் வெளியே வந்தது. அடுத்த பக்கம் பிளேடை வைத்தபோது கதவுப் பக்கம் நிழல் விழுந்தது.

"என்னத்தத் தேடறே? ஏதாச்சும் உழுந்துருச்சா?"

ஒன்பது மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பொய்யை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமா, புள்ளையோட கிளிப்பு என்று சொன்னால் முடிந்தது. அந்தக் கறுப்பு நாய் திரும்பி வந்து என் நாக்கில் நின்றது.

"இந்தக் கவர் நான் தைச்சதுங்க" என்றேன். "அந்தக் கடையிலதான் இருக்கேன். பெல்ட் மாட்டற பக்கிளை உள்ள வெச்சு மூடிட்டேன். புள்ளைக்குக் குத்தக்கூடாதுன்னு நெனச்சுத்தான் பண்ணுனேன். இது வெளிய இருக்கோணும். அவளுக்குப் பெல்ட் போடாம நாளைக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க."

அவர் பிளேடைத்தான் பார்த்தார். "மொதல்ல அதைக் குடு."

கொடுத்தேன்.

"பின்னாடி உக்கார்றவளுக்கு என்னாயிரப் போவுது? நாமெல்லாம் பெல்ட் போட்டா வளந்தோம்? நான் பாத்து ஓட்டறவன். புள்ளைய வண்டியில கூட்டிட்டுப் போறதப் பத்தி எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டே. நீயா சொல்றே அதை?"

"நானேதாங்க சொல்றேன். அன்னிக்கி நாய் வரலீங்க."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"போன் பேசீட்டே ஓட்டுனேன். போன் நழுவுச்சு, பிடிக்கப் போனேன். நானும் பாத்து ஓட்டறவதாங்க. ஒரு நிமிசந்தான். அந்த ஒரு நிமிசம் உங்களுக்கும் வரும். அப்ப அவ சீட்டுல இருக்கோணும்."

அவர் கை மேலே எழுந்தது. எனக்கு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. "மிதுனா!" என்று கத்தினார். அவள் ஏழாவது சறுக்கிலிருந்து ஓடிவந்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

கார் கிளம்பியது. அவள் வழக்கம்போலப் பின் சீட்டில் முழங்காலிட்டாள். உட்கார், உட்கார் என்று நான் இரண்டு கையாலும் காட்டினேன். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டினாள். பெட்ரோல் பங்க் வரைக்கும் நான் காட்டிக்கொண்டே ஓடினேன். அவளும் ஆட்டிக்கொண்டே போனாள்.

ஜூலை 15, திங்கள்

எட்டு சீட்டுக்குப் பைப்பிங் தைத்தேன். நான்கு கோணலாக வந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்தினேன். ஒன்றும் எனக்கில்லை.

ஜூலை 17, புதன்

தங்கவேல் மாமா கடைக்கே வந்துவிட்டார். ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை.

"புள்ளையோட அப்பன் புத்தியையும் கெடுத்து வெச்சிருக்கறயே. என்னத்தச் சொல்லித் தொலைச்சே அவன்கிட்ட?"

"என்னாச்சுங் மாமா? மிதுனா நல்லா இருக்காளா?"

"அவளுக்கென்ன கேடு. மலையேறும்போது எட்டுப் பேரு ஏறோணும், புள்ளைய மடியில வெச்சுக்கறேன்னு அவங்க அக்கா சொல்லுது. முடியவே முடியாதுன்னுட்டான். புள்ளையத் தனியா உக்காத்தி வெச்சுப் பெல்ட்டுல கட்டி, ரெண்டு பேரை எறக்கிப் பஸ்ஸுல வரச் சொல்லிட்டான். எறங்குனதுல ஒருத்தன் நானு! நல்ல காரியத்துக்குப் போன எடத்துல அவங்க அக்கா மூஞ்சிய மூணு முழம் நீட்டிக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிரிக்காதே. இனிமே ஞாயித்துக்கெழம பார்க்குக்கு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னான். அந்த நாய் விசயத்தை எங்கிட்டயும் சொன்னான். இத்தனை நாளு உனக்காக ரெண்டு வார்த்தை பேசுனவன் நான் ஒருத்தன். இனி எந்த மூஞ்சியில பேசறது?"

எனக்காக அவர் பேசியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. இந்த நோட்டில் ஜூன் ஒன்பதாம் தேதி வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

வர வேண்டாம் என்றது அவளைப் பார்க்கத்தான். பூங்காவுக்கு யாரும் வரலாம். நான்கு முதல் ஆறு வரை உட்கார்ந்திருந்தேன். பஞ்சுமிட்டாய்க்காரர் "பாப்பா வல்லீங்களா?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். பழக்கம் விடவில்லை. பிறகு அவரைக் கூப்பிட்டு, "காய்ச்சல் இல்லீங்க, விட மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்போதெல்லாம் நான் தைக்கும் எல்லாக் கவரிலும் பக்கிளுக்கு வாய் வைக்கிறேன். முதலாளி ஒரு வாரம் சண்டை போட்டார். வேண்டாமென்றால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். நேற்று அவரே வந்து, "ஏம்மணி, குழந்தைகள் பாதுகாப்புக் கவர்னு போர்டுல எழுதிப் போட்டா வியாபாரம் ஆவுமா?" என்று கேட்கிறார்.

பழைய ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ஜாகீரும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். ஒருவர் இதற்குமா போன் போடுவீர்கள் என்று வைத்துவிட்டார். இன்று மூன்று கார் வந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான்கு முதல் ஆறு வரை. மழை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வந்தார்கள்.

வாசலில் அந்த வெள்ளைக் காரைப் பார்த்ததும் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். ஜன்னலில் மிதுனாவின் தலை முன்பைவிட உயரத்தில் தெரிந்தது. ஒன்றரை மாதத்தில் இவ்வளவு வளர்ந்துவிட்டாளா என்று வேகமாக நடந்தேன். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. சீட்டின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன சீட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் உட்கார்ந்தால் பெல்ட் கழுத்தில் படாமல் தோளில் விழுகிறது. ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது. இரண்டு பேரும் சேர்ந்து கும்பாபிஷேகத்துக்கும் கல்யாணத்துக்கும் அவளை மடியில் வைத்தே போய் வந்திருக்கிறோம்.

"மாசத்துக்கு ஒரு ஞாயிறு. நாலாவது ஞாயிறு மட்டும்" என்றார் லோகநாதன், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "அவ கேட்டுட்டே இருக்கறா. அதுக்காகத்தான்."

"சரிங்க."

"நாய் விசயத்தை நான் மறக்கல."

"நானும் மறக்கலீங்க."

மிதுனா பேசிக்கொண்டே இருந்தாள். புதுப் பல் முளைக்கிறது, தொட்டுப் பார் என்று என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். பஞ்சுமிட்டாய்க்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆறு மணிக்குக் கார் கதவைத் திறந்தேன். இன்னொரு பக்கத்து வாயை அவரே கிழித்திருக்கிறார். சமையல் கத்தியாக இருக்க வேண்டும், கோணல்மாணலாகப் பிய்ந்து ஸ்பாஞ்ச் வெளியே வந்திருந்தது.

"இதைத் தைச்சுக் குடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். இப்படியே கெடக்கட்டும்."

மிதுனா சிவப்புச் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். "அம்மா போட்டு விடட்டும்ப்பா."

அவர் பெட்ரோல் பங்க் பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் குனிந்து பட்டையை இழுத்து, அவள் தோளுக்குக் குறுக்கே கொண்டுவந்து, முறிந்து சேர்ந்த அந்த எலும்பின் மேல் அழுந்தாமல் சரிசெய்து, பக்கிளில் மாட்டினேன். டக் என்றது. இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம்.

"இனிமே திரும்பிப் பாக்க முடியாதும்மா. பெல்ட் விடாது" என்றாள்.

"திரும்பவே கூடாது கண்ணு. நேராப் பாரு."

"அப்ப நீ என்னை எப்படிப் பாப்பே?"

"நான் பாத்துக்கறேன், நீ போ."

கார் கிளம்பியது. பின் கண்ணாடியில் மூக்கு இல்லை, கை இல்லை. வேப்பமரமும் வானமும்தான் அதில் தெரிந்தன. வழக்கம்போல இருபது வரை எண்ணினேன். பத்துக்குள்ளேயே கண்ணீர் மறைத்துவிட்டது. பெட்ரோல் பங்க் தாண்டிக் கார் திரும்பும்வரை அந்தக் கண்ணாடி காலியாகவே இருந்தது.

அவள் எனக்குக் கை ஆட்டாமல் போன முதல் ஞாயிறு. இனி எல்லா ஞாயிறும் இப்படியே போகட்டும்.